திரும்பி வந்த கடிகாரத்துக்கு நான் போட்ட பூஜ்யம்

புதிதாக ஆசிரியப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி இயற்பியல் துறையில் கேட்டார்கள். பாடம் நடத்துவது எப்படி என்று நான் எழுத மாட்டேன். அதற்குப் பயிற்சி முகாம் நடத்துகிறார்கள், மதியச் சாப்பாட்டோடு சான்றிதழும் தருகிறார்கள். ஆய்வுக் குழு வரும்போது கோப்புகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதும் எனக்குத் தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேல் அதைக் கற்றுக்கொள்ளாமலே தப்பித்துவிட்டேன். நான் எழுதப்போவது ஒரு விடைத்தாளில் விழுந்த பூஜ்யத்தைப் பற்றி. பேனா வேறொருவருடையது, பூஜ்யம் என்னுடையது. இதை எழுதும்போதே இரண்டு முறை எழுந்து போய்விட்டு வந்தேன். உட்கார முடியவில்லை.

சிறப்புச் சார்பியலில் காலம் நீள்வது நீங்கள் எல்லோரும் படித்ததுதான். வேகமாகப் போகும் கடிகாரம், நின்று பார்ப்பவர் கணக்கில் மெதுவாக ஓடும். இந்தப் பாடம் எடுத்த ஒவ்வொரு வருஷமும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வரும்: இது நிஜமாக நடக்கிறதா, இல்லை அப்படித் தெரிகிறதா? அதற்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. சாந்தோம் கடற்கரையில் நீ நிற்கிறாய். உன் சிநேகிதி பட்டினப்பாக்கம் பக்கமாக நடந்து போகிறாள். தூரம் போகப்போக அவள் உன் கண்ணுக்குச் சின்னதாகிறாள். அவள் திரும்பிப் பார்த்தால் அவளுக்கு நீ சின்னவள். இரண்டு பேரும் குள்ளமாகிவிட்டீர்களா என்ன? அதுபோலத்தான் இதுவும். நான் பார்த்தால் உன் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது, நீ பார்த்தால் என்னுடையது மெதுவாக ஓடுகிறது. ஆகவே இது தோற்றம், நிஜமல்ல. வகுப்பே தலையாட்டும்.

இந்த உதாரணம் என்னுடையதுகூட இல்லை. நான் முதுகலை படித்தபோது என் பேராசிரியர் ஒருவர் சொன்னது. வெள்ளைச் சட்டையும் சாக்பீஸ் பொடியுமாக அவர் அதைச் சொன்ன அழகில் மயங்கி நோட்டில் எழுதிக்கொண்டேன். அவருடைய ஊர்க் கடற்கரையை எடுத்துவிட்டு என் ஊர்க் கடற்கரையைப் போட்டேன். அதைத் தவிர அதில் நான் செய்த ஆராய்ச்சி எதுவும் கிடையாது. கேட்டால் சிரிப்பீர்கள்: திங்கட்கிழமை இந்தத் தோற்றக் கதையைச் சொல்லிவிட்டு, அதே வாரம் வியாழக்கிழமை மியூயான் பாடம் எடுப்பேன். வானத்தில் மிக உயரத்தில் பிறக்கும் துகள். அதன் ஆயுளுக்கு வழியிலேயே பெரும்பாலானவை செத்துப்போக வேண்டும். ஆனாலும் ஏராளமானவை தரைவரை வந்து சேர்கின்றன, ஏனென்றால் அவற்றின் காலம் நீண்டுவிட்டது என்பேன். தோற்றம் என்றால் எப்படி வந்து சேரும்? அதை யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் ஓய்வு பெற மூன்று வாரம் இருந்தபோது கடைசி செமஸ்டர் தேர்வு முடிந்தது. எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி. கேள்வித்தாளும் நாங்களே, திருத்துவதும் நாங்களே. துறைத் தலைவி என்ற முறையில் விடைக்குறிப்பு எழுதியவள் நான். ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று: காலம் நீள்வது உண்மையா, தோற்றமா, விளக்குக. குறிப்பில் நான் எழுதியது ஒன்றரை வரி. ‘தோற்றமே, இரு பார்வையாளருக்கும் சமம். உண்மை என்று எழுதினால் பூஜ்யம்.’ டீ ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட்டேன்.

பேப்பர் திருத்தும் அறை உங்களுக்கும் சீக்கிரமே பழகிவிடும். ஒரு நாளைக்கு இத்தனை தாள் முடிக்க வேண்டும் என்று கணக்கு, தலைக்கு மேல் சத்தம் போடும் மின்விசிறி, கட்டுக் கட்டாகத் தாள்கள். இரண்டாம் நாளே கண் வாசிப்பதை நிறுத்திவிடும், தேட மட்டும் செய்யும். ‘தோற்றம்’ என்ற வார்த்தை கிடைத்தால் டிக். ‘உண்மை’ கிடைத்தால் சுழி. மேலே கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. இந்தத் தப்பைச் செய்ய இயற்பியல் தெரியாதவரால் முடியாது, பதில் தெரியும் என்று நம்பும் எங்களைப் போன்றவர்களால்தான் முடியும். அந்தக் கட்டைத் திருத்தியவள் கல்பனா. என்னிடமே இளங்கலை படித்து, வெளியே போய்ப் பட்டங்கள் வாங்கி, எங்கள் துறைக்கே வேலைக்கு வந்தவள். நங்கநல்லூரிலிருந்து காலையில் முதல் ஆளாக வந்துவிடுவாள். குறிப்பை மீறி அரை மதிப்பெண் போட மாட்டாள்.

முடிவை அறிவிப்பதற்கு முன் மாணவர்களுக்கு விடைத்தாளைக் காட்டும் வழக்கம் எங்களிடம் உண்டு. அந்த வெள்ளிக்கிழமை பவித்ரா என் மேஜை முன்னால் வந்து நின்றாள். தமிழ்வழி மாணவி. ஆற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்து அவர்கள் குடும்பத்தை நகருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். வகுப்பில் அதிகம் பேசாதவள். அந்தத் தாளில் தேர்ச்சிக்கு இரண்டு மதிப்பெண் குறைவாக இருந்தது. தரமணியில் ஒரு கல்வி நிலையத்தில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை தேர்ச்சிப் பட்டியலைக் காட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

“அரியர் எழுதிக்கலாம். ஒரு வருஷம்தானே,” என்றேன்.

“ஒரு வருஷம்லாம் வீட்ல உட மாட்டாங்க மேடம். தி.நகர் துணிக்கடைல அம்மா சொல்லி வெச்சிட்டாங்க. புடவை செக்ஷன். போனா அவ்ளோதான், அங்கியே நின்னுகினு இருப்பேன்.” பிறகு தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள். “நான் அழுது மார்க் கேக்க வரல. இதுல இன்னா தப்புன்னு மட்டும் சொல்லுங்க.”

“உண்மைன்னு எழுதியிருக்கே. தோற்றம்னு வகுப்புல சொன்னேனா இல்லியா?”

“சொன்னீங்க. பீச் கதை. ஆனா மேடம், பீச்சுல நடந்து போனவ திரும்பி வந்தா அதே ஒசரத்துலதான் இருப்பா. கடிகாரம் அப்படி இல்லியே. வேகமா போய்ட்டுத் திரும்பி வந்தா டைம் கம்மியாத்தான காட்டும்? பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாலும் கம்மியாத்தான கீது? அப்போ அது எப்படி மேடம் தோற்றம்?”

அந்த நேரம் எனக்கு வந்தது கோபம். ஏன் என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை. புத்தகத்தில் இருப்பதை எழுதினால் மார்க், சொந்தக் கதை எழுதினால் இல்லை என்று கத்தினேன். பக்கத்து மேஜையில் இருந்த கல்பனா நிமிரவில்லை.

பவித்ரா பையை மாட்டிக்கொண்டாள். “திரும்பி வந்த கடிகாரம் இன்னா காட்டும்? அதை மட்டும் சொல்லிடுங்க மேடம், நான் போய்டறேன்.”

நான் தாளை எடுத்துக் கட்டில் திரும்ப வைத்தேன். அவள் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பஸ்ஸில் போகவில்லை, நடந்தேன். லஸ்ஸில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டு, தகரத் தடுப்புகளுக்கு நடுவில் ஒற்றையடிப் பாதைதான் விட்டிருந்தார்கள். எதிரே வருபவர்கள்மீதெல்லாம் இடித்துக்கொண்டு போனேன். கச்சேரி ரோட்டில் காய்கறி வாங்க நின்று, எதையும் வாங்காமல் நகர்ந்தேன். சாந்தோமில் எங்கள் தெரு முனை வந்தும் வீட்டுக்குள் போகத் தோன்றவில்லை, நேரே கடற்கரைக்குப் போய்விட்டேன். என் உதாரணம் அங்கே கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் நடந்து போனார்கள், சின்னதானார்கள், திரும்பி வந்தார்கள், முழு உயரத்தில் என்னைக் கடந்து போனார்கள். போனவள் குள்ளமாகத் திரும்பி வரவில்லை. அந்தப் பெண் சொன்னது சரி என்று மனசுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வக்கீல் மாதிரி எனக்காக நானே வாதாடிக்கொண்டிருந்தேன்.

என் வாதம் இதுதான். மெதுவாக ஓடுவது நிஜம் என்றால், இரண்டு பேருடைய கடிகாரமும் மற்றதைவிட மெதுவாக ஓடுவது எப்படி முடியும்? ‘அ’ என்பவர் ‘ஆ’ என்பவரைவிட இளையவர், ‘ஆ’ என்பவர் ‘அ’ என்பவரைவிட இளையவர் என்பதுபோல அல்லவா இருக்கிறது? இந்த இடத்தில்தான் என் பேராசிரியரும் மாட்டிக்கொண்டார், நானும் மாட்டிக்கொண்டேன். மணலில் கோடு போட்டுப் போட்டு அழித்தேன். விலகிப் போய்க்கொண்டே இருக்கும்வரை எந்தக் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்பது யார் கணக்கில் என்பதைப் பொறுத்தது. அதுவரை சரி. ஆனால் இரண்டும் மறுபடி ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. ஒரு கடிகாரத்தில் குறைவான மணிதான் ஓடியிருக்கும். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு வராது. இரண்டு பேர் பயணமும் ஒன்றல்ல, ஒருத்தி போன திசையை மாற்றித் திரும்பினாள், இன்னொருத்தி திரும்பவில்லை. மியூயானும் அப்படித்தான். அதன் பக்கத்திலிருந்து பார்த்தால் அதன் ஆயுள் நீளவில்லை, வானம்தான் குறுகியது. ஆனால் தரையில் வந்து விழுந்ததா இல்லையா என்றால் இரண்டு பக்கமும் ஒரே பதில்தான். விழுந்தது. நான் அங்கே உட்கார்ந்திருந்த அந்த நிமிஷத்திலும் மியூயான்கள் என் தலைக்குள் புகுந்து போய்க்கொண்டிருந்தன. அவை தோற்றமாகப் போகவில்லை.

இதைக் கண்டுபிடித்ததும் நிம்மதி வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. 

மறுநாள் சனிக்கிழமை. மூன்று மணிக்கு முடிவு வெளியாக வேண்டும். காலை எட்டரைக்கே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அறைக்குப் போய்விட்டேன். மயிலாப்பூர்க்காரர், நல்ல மனிதர், எதையும் வெடிக்க விடாமல் அணைப்பதில் கெட்டிக்காரர். விடைக்குறிப்பு தப்பு என்றேன். எத்தனை மதிப்பெண், யாருக்கு என்று கேட்டார். சொன்னேன்.

“ரெண்டு மார்க்தானே? கிரேஸ் மார்க் போட்டுடலாம், விதியில இடம் இருக்கு. பொண்ணு பாஸ். முடிஞ்சது. எதுக்கு எல்லாத்தையும் கிளறிண்டு?”

“அவ எழுதினது சரி சார். கிரேஸ் போட்டா அவ தப்பு, நாம பாவம் பாத்து விட்டோம்னு ஆகும்.”

“குறிப்பே தப்புன்னு எழுதிக் குடுத்தேள்னா எல்லாத் தாளையும் மறுபடி பாக்கணும். உங்க சர்வீஸ் புக்ல ஏறும். மூணு வாரம்கூட இல்ல ரிட்டயராக. இது உங்க சர்ச்சுல பண்ற பாவசங்கீர்த்தனம் இல்லம்மா, எக்ஸாம் ரிசல்ட்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கிரேஸ் மதிப்பெண் படிவத்தை எடுத்து நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். பேனாவைத் திறந்தேன். பெயர், தாள் எண் எல்லாம் எழுதிவிட்டேன், கையெழுத்துதான் பாக்கி. இதை நான் மறைக்க விரும்பவில்லை. பொண்ணுக்கு வேண்டியது கிடைத்துவிடும், என் பெயரும் கெடாது, திங்கட்கிழமை தரமணிக்குப் போய்விடுவாள் என்று எனக்குள் ஒரு குரல் இனிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்போது ஒன்று உறைத்தது. என் மேஜைக்கு வந்து நின்றவள் பவித்ரா ஒருத்திதான். வராதவர்கள்? அதே கட்டில் உண்மை என்று எழுதிச் சுழி வாங்கி, மேடம் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டு போனவர்கள்?

படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ‘விடைக்குறிப்பு தவறானது, பொறுப்பு முழுக்க என்னுடையது’ என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: சலுகை கொடுப்பது சுலபம், சரி என்று ஒப்புக்கொள்வதுதான் தொண்டையில் சிக்கும். சிக்கும்போது அவசரமாக விழுங்கிவிடாதீர்கள்.

கல்பனாவுக்குப் போன் செய்தேன். ஒன்பதே முக்காலுக்கு வந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் சிவந்துவிட்டது. அவள் என்னிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

“இத்தனை வருஷம் நானும் அதைத்தானே மேடம் சொல்லிக் குடுத்தேன்? அதே பீச் கதையை. இப்ப கிளாஸ்ல போய் எந்த முகத்தோட நிப்பேன்? தோற்றம்னு எழுதினவங்க எல்லாம் நாம சொன்னதைத்தான் எழுதினாங்க. அவங்களுக்கு மார்க்கைப் பிடுங்குவீங்களா?”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. யோசித்தபடி அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். கடைசியில், நாங்கள் சொல்லிக்கொடுத்த தப்புக்கு அவர்கள் தண்டனை அனுபவிக்க வேண்டாம், தோற்றம் என்று எழுதியவர்கள் மதிப்பெண் அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். உண்மை என்று எழுதியவர்களுக்குக் காரணத்தை வாசித்து மதிப்பெண். இதில் முழு நியாயம் இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்று மணிக்குள் என்னால் முடிந்த நியாயம் அவ்வளவுதான்.

கட்டுகளைப் பிரித்தோம். ஆளுக்குப் பாதி. இந்த முறை வார்த்தையைத் தேடவில்லை, வாசித்தோம். நூற்றுக்கு மேற்பட்ட தாள்களில் என் கடற்கரையே வந்துகொண்டிருந்தது. சிலர் படம் வேறு போட்டு, அலை, சூரியன் எல்லாம் வரைந்திருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மை என்று எழுதியவர்கள் பவித்ராவைச் சேர்த்து நான்கு பேர். ஒருவன் சும்மா அடித்துவிட்டிருந்தான். வேகமாகப் போனால் கடிகாரத்தின் முள் காற்றில் தடுமாறும் என்று காரணம் காட்டியிருந்தான். அவனுக்கு ஒன்றும் தர முடியவில்லை. இன்னும் இரண்டு பேர் மியூயானை எழுதியிருந்தார்கள், நான் வியாழக்கிழமை சொன்னதை வைத்து திங்கட்கிழமை சொன்னதை மறுத்திருந்தார்கள். ஏற்கெனவே தேறிவிட்டதால் வந்து கேட்கவில்லை.

பவித்ராவின் தாள் கல்பனாவின் பாதியில் இருந்தது. நானே பார்க்கிறேன் என்று கை நீட்டினேன், அவள் தரவில்லை. “முதல்ல போட்டவ நான்தானே மேடம்,” என்றாள். ஒரு பக்கம்தான் பதில், ஆனால் வெகுநேரம் வாசித்தாள். ஆசிரியர் கூறிய கடற்கரை உதாரணம் இங்கே பொருந்தாது என்று ஆரம்பித்து, திரும்பி வந்த கடிகாரத்தைச் சொல்லி, வளையத்தில் வேகமாகச் சுற்றவிடும் மியூயான்கள் சும்மா இருப்பவற்றைவிட அதிக நேரம் பிழைத்திருப்பதையும் எழுதியிருந்தாளாம். பாடப்புத்தகத்தில் இல்லாதது, எங்கிருந்தோ தேடிப் படித்திருக்கிறாள். கல்பனா சுழியை அடித்துவிட்டு நான்கு போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டாள். ஏன் ஐந்து இல்லை என்றேன். விலகிப் போகும்வரை இரண்டு பேருக்கும் சமம் என்பதை அவள் விளக்கவில்லை என்றாள். அதுவும் சரிதான்.

இரண்டே காலுக்குத் திருத்திய பட்டியலைக் கொடுத்துவிட்டோம். கட்டுப்பாட்டு அலுவலர் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் மூன்று மணிக்கு முடிவு வந்துவிட்டது. பவித்ராவுக்கு நானே போன் செய்தேன். “பாஸ்,” என்றேன். அந்தப் பக்கம் பஸ் இரைச்சல். “கடிகாரம் கம்மியாத்தான் காட்டும். நேத்தே சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்கோ.” “தாங்க்ஸ் மேடம்… அம்மாகிட்ட சொல்லணும், வெச்சுடட்டா?” என்றாள். இப்போது தரமணியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

இதோடு முடித்திருந்தால் இது என் பெருமையைச் சொல்லும் கதையாகப் போயிருக்கும். கல்பனா கட்டுகளைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். நூலை இழுத்து முடிச்சுப் போட்டபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“நானும் உண்மைன்னுதான் எழுதினேன் மேடம்.”

“எப்போ?”

“உங்ககிட்ட படிச்சப்போ. ஃபைனல் இயர். இதே கேள்வி. முட்டை போட்டீங்க. நான் பாஸ் ஆயிட்டேன், அதனால வந்து கேக்கல. நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். அப்புறம் அப்படி யோசிக்கிறதையே விட்டுட்டேன்.”

எனக்கு ஞாபகம் இல்லை. அந்த வருஷத்துத் தாள்கள் எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டன. எத்தனை மதிப்பெண் போட்டிருக்க வேண்டும், நீ என்ன காரணம் எழுதினாய் என்று கேட்டேன்.

“அதான் மேடம் தெரியல. உண்மைன்னு எழுதினது மட்டும் ஞாபகம் இருக்கு. ஏன்னு எழுதினது மறந்துபோச்சு. ஒருவேளை இவளும் அதையே எழுதியிருப்பாளோன்னுதான் அவ்ளோ நேரம் படிச்சேன். இல்ல. இது அது இல்ல. நான் வேற என்னமோ எழுதியிருக்கேன்.”